புளூ கிராஸ், இரக்கம், பதிவு நடைபெறுகிறது

ஏப்ரல் 28, திங்கள்

என் முதல் தனி ஆல்பத்தின் ஒலிப்பதிவு இன்று தொடங்கியது. பின்னாளில் யாராவது ஆராய்ச்சி செய்தால் உதவட்டும் என்றுதான் இந்த நோட்டையே வாங்கினேன்.

ஆராய்ச்சியாளருக்குச் சில விவரங்கள். பெயர் தேவஇரக்கம். எல்லோருக்கும் இரக்கம். வயது ஐம்பத்திரண்டு. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளன். அது பிழைப்பு. உண்மையில் நான் புளூ கிராஸ் கிதார் கலைஞன். புளூ கிராஸ் என்பது அமெரிக்க மலைக்காரர்களின் இசை. டிரம்ஸ் கிடையாது, கீபோர்டு கிடையாது. கிதார் கம்பிகளை ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டால் மின்னல் வேகத்தில் மீட்ட வேண்டும். எங்கள் கல்லூரியை விட்டுப் போன ஓர் அமெரிக்கப் பேராசிரியர் வேண்டாமென்று போட்டுவிட்டுப் போன மூன்று கேசட்டுகளைக் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டேன். திருநெல்வேலி மாவட்டத்தில் இதை என் வேகத்துக்கு வாசிப்பவர் எவரும் இல்லை. மெதுவாக வாசிப்பவரும் இல்லை.

திருச்சபையில் சொன்னபோது, “ஆல்பமா? ஆருக்குக் கல்யாணம்?” என்று கேட்டார்கள். கல்யாண போட்டோ ஆல்பத்தைத் தவிர வேறு ஆல்பம் பார்த்திராத ஊர். இந்த ஊரில்தான் நான் கலைஞனாக இருக்க வேண்டியிருக்கிறது.

பின்பக்கத்துப் படுக்கையறைதான் ஸ்டுடியோ. ஜன்னல்களில் மெத்தையைச் சாத்தியாயிற்று. மைக்செட் ஆசீர் லேப்டாப்போடு வந்திருக்கிறான். இருபது வருடமாகக் கல்யாண வீடு, கன்வென்ஷன் பந்தல் என்று மைக் கட்டியவன். மே பதினாறு வரைதான் வர முடியும், அதற்குப் பிறகு வரிசையாகக் கூட்டங்கள் என்று சொல்லிவிட்டான். அதற்குள் ஒன்பது உருப்படிகள் முடிய வேண்டும்.

தெருச் சத்தம் உள்ளே வரக்கூடாது என்று கேட்டில் ஒரு பலகை மாட்டினேன். நானே நீலப் பெயின்ட்டில் எழுதியது:

புளூ கிராஸ்
இரக்கம்
பதிவு நடைபெறுகிறது
அமைதி காக்கவும்

என் மனைவி எப்சிபா நேற்றே நாகர்கோவிலுக்கு, அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். மாம்பழ சீசன். பெரிய பெட்டிகள் இரண்டையும் அவளுடைய கிதாரையும் எடுத்துப் போயிருக்கிறாள். மாம்பழத்துக்குக் கிதார் எதற்கு என்று நான் கேட்கவில்லை. வீடு அமைதியாக இருக்கிறது. ஒலிப்பதிவுக்கு அதுதான் வேண்டும்.

ஏப்ரல் 29, செவ்வாய்

ஒரே நாளில் புகழ் பரவிவிட்டது. காலை பத்து மணிக்குக் கேட்டில் ஒரு புருஷன் பெண்டாட்டி. கையில் ஒரு நாய்.

“பதிவு இங்கனதான நடக்கு?”

“ஆமா.”

“சார்தான் இரக்கமா?”

ஆமாம் என்றேன். அந்த அம்மாளின் கண் கலங்கிவிட்டது.

“இவன் பேரு மணி. பின்னங்கால் ஒண்ணு கிடையாது. இவனையும் பதிஞ்சுக்கிடுதியளா?”

ஒலிப்பதிவைப் பார்க்க நாயோடு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். இசைப்பிரியர்களை விரட்டுவது என் வழக்கமல்ல. “சத்தம் போடாம இருந்தா இருக்கட்டும்” என்றேன். இருவரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நான் வாசித்து அழுதவர்கள் உண்டு. வாசிப்பதற்கு முன்பே அழுதவர்களை இன்றுதான் பார்த்தேன்.

முதல் உருப்படியை ஒரே மூச்சில் முடித்துவிட்டு வெளியே வந்தால் அவர்களைக் காணோம். மணி மட்டும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தான்.

ஏப்ரல் 30, புதன்

ஆசீருக்கு மைக் கட்டத் தெரியும், இசை தெரியாது. நேற்று எடுத்ததைப் போட்டுக் காட்டிவிட்டு, “அண்ணாச்சி, ஆரம்பத்துல நடக்கிய, முடிவுல ஓடுதிய” என்கிறான்.

“அது உணர்ச்சி” என்றேன்.

“நாலு நிமிசப் பாட்டு மூணே கால் நிமிசத்துல முடிஞ்சிருக்கு.”

வெயில்தான் காரணம் என்று விளக்கினேன். மின்விசிறிச் சத்தம் பதிவாகும் என்று நிறுத்தி வைத்திருக்கிறோம். வெப்பத்தில் உலோகம் விரியும். கம்பி விரிந்தால் தளரும். தளர்ந்தால் விரலுக்குத் தடை குறையும். தடை குறைந்தால் வேகம் கூடும். இது இயற்பியல். ஆசீர் தலையைச் சொறிந்தான். “மதினி இருக்கும்போதும் வெயில்தான அண்ணாச்சி அடிச்சுது?” என்றான்.

அவனுக்கு இன்று காபி கொடுக்கவில்லை.

மே 1, வியாழன்

விடுமுறை. நாய்கள் மூன்று.

மே 2, வெள்ளி

நாய்கள் ஐந்து. ஒன்றுக்குக் கண் தெரியாது. இந்த ஊரில் இத்தனை நாய்களுக்கு இசை ஆர்வமா என்று நான் ஆசீரிடம் கேட்டபோது, அவன் என்னைக் கையைப் பிடித்துக் கேட்டுக்கு வெளியே கூட்டிக்கொண்டுபோய்ப் பலகைக்கு முன்னால் நிறுத்தினான்.

“வாசிங்க அண்ணாச்சி.”

“புளூ கிராஸ்.”

“நாய், பூனைக்கு அடிபட்டா எடுத்துட்டுப் போயி வைத்தியம் பாப்பாங்கல்லா, அவங்க பேரு என்ன?”

“புளூ கிராஸ். ஆனா அது சிலுவை, இது புல்லு!”

“இதுல எங்க புல்லு இருக்கு? அடுத்த வரி பாருங்க. இரக்கம். அதுக்கும் அடுத்து, பதிவு நடைபெறுகிறது. நானே நாய் வச்சிருந்தா இங்கனதான் கொண்டாந்து விடுவேன்.”

பலகையில் தவறு ஏதும் இல்லை. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். இங்கிலீஷில் புல்லுக்கும் சிலுவைக்கும் உள்ள சொற்கள் தமிழில் ஒரே எழுத்தில் வருகின்றன என்றால் அதற்கு நான் பொறுப்பாளி அல்ல. என் பெயரை வைத்தது என் அப்பா. பதிவை வேறு எப்படி எழுதுவது? பலகையைக் கழற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஆசீர் ரொம்பவும் கெஞ்சியதால் முதல் வரிக்குப் பக்கத்தில் ‘புல்’ என்று சேர்த்து எழுதினேன். இனி குழப்பம் வராது.

மே 5, திங்கள்

ஆடு.

“புல்லு போடுதோம்னு எழுதியிருக்கியள்லா” என்று சொல்லிவிட்டு ஒரு வயசான பாட்டையா கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டுப் போயேவிட்டார். ஆடு ஸ்டுடியோ ஜன்னலில் சாத்திய மெத்தையின் பஞ்சை ருசி பார்த்துக்கொண்டிருக்கிறது.

இதற்கெல்லாம் காரணம் பக்கத்து வீட்டு வள்ளிநாயகம். மாநகராட்சிச் சுகாதாரப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், வேலையில்லாமல் தவித்துக்கொண்டிருந்தவர். பலகையைப் போட்டோ எடுத்துத் தெரு வாட்ஸப் குழுவில் போட்டது அவர்தானாம். விளக்கம் சொல்லப் போனேன். வாய் திறக்கவிடாமல் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். “சார், ஒங்கள நான் தப்பா நெனச்சுட்டேன் சார். இத்தன வருசமா சதா டிங்கு டிங்குனு சத்தம் போட்டு எங்களத் தூங்கவிடாத மனுசன்னுதான் நெனச்சேன். இப்பிடி ஒரு மனசு ஒங்களுக்குள்ள இருக்கும்னு தெரியாது” என்றார்.

அதற்கு மேல் என்ன விளக்குவது? அவரே காலையும் மாலையும் நாய்களுக்குச் சோறு கொண்டுவருகிறார்.

மே 6, செவ்வாய்

எப்சிபாவுக்குப் போன் செய்தேன். ரசப்பொடி டப்பா எங்கே என்று கேட்கத்தான்.

“மூணாவது தட்டு” என்றாள்.

“மாம்பழம் எப்பிடி?”

“இருக்கு.”

“எப்ப வருத?”

“ஒங்க தனி ஆல்பம் முடியட்டும். தனியா இருந்தாத்தான நல்லா வரும்” என்று வைத்துவிட்டாள்.

ஆராய்ச்சியாளர் என்னைத் தப்பாக நினைக்கக்கூடாது என்பதால் நடந்ததை எழுதிவிடுகிறேன். இருபத்து நான்கு வருடமாக எப்சிபா என் பக்கத்தில் உட்கார்ந்து தாளக் கிதார் வாசிக்கிறாள். சக்கு சக்கு, சக்கு சக்கு, அவ்வளவுதான். கிறிஸ்துமஸ் விழா, கல்யாண வரவேற்பு, கல்லூரி ஆண்டு விழா, எங்கு போனாலும் நாங்கள் இரண்டு பேர். தனி ஆல்பம் என்று நான் முடிவு செய்ததும், “தனின்னா நான் என்ன செய்ய?” என்று கேட்டாள். “ஒனக்கு என்ன, சக்கு சக்குதான. அத கம்ப்யூட்டரே போட்டுரும். நீ ரெஸ்ட் எடு” என்றேன். ஓய்வெடு என்று மனைவியிடம் அக்கறையாகச் சொன்ன ஒரு கணவனை எந்த நீதிமன்றத்திலும் குற்றம் சொல்ல மாட்டார்கள்.

அவள் மேலே ஏறிப் பெட்டிகளை இறக்கினாள்.

மே 8, வியாழன்

கம்ப்யூட்டர் சக்கு சக்குவோடு மூன்று நாளாக மல்லுக்கட்டுகிறேன். சனியன், அது பாட்டுக்குப் போகிறது. நான் ஒரு திருப்பத்தில் மூச்சு வாங்கினால் அதற்கென்ன, போய்விடுகிறது. அதைப் பிடிக்க நான் ஓடுகிறேன். ஓடி, தாண்டிப் போய்விடுகிறேன். அப்புறம் அது பின்னால் வருகிறது. இன்று ஒரே உருப்படியைப் பதினேழு தடவை எடுத்தோம். பதினேழாவது தடவை முடிந்ததும் ஆசீர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய்க் கண் தெரியாத நாயின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

“ஒண்ணு கூடத் தேறல அண்ணாச்சி” என்றான்.

பதினோரு நாளாகியும் ஒன்பதில் ஓர் உருப்படி கூடத் தேறவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எழுதியதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

மே 10, சனி

இன்று எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

வார்டு கவுன்சிலர் நாலைந்து பேரோடு வந்தார். வள்ளிநாயகம் ஏற்பாடு. வாசலில் ரிப்பன் கட்டி, மூன்று கால் மணியின் முன்னங்காலைக் கத்தரிக்கோலோடு சேர்த்துப் பிடித்து ரிப்பனை வெட்டினார்கள். “இருபது வருசத்துக்கு மேல விளம்பரம் இல்லாம உள்ளுக்குள்ளயே சேவை செஞ்ச மாமனிதர்” என்று கவுன்சிலர் பேசினார். இந்த வாக்கியத்தில் உண்மைக்கு மாறாக ஒன்றும் இல்லை என்பதால் நான் மறுக்கவில்லை.

என்னையும் பேசச் சொன்னார்கள். இருபத்து நான்கு வருடமாகக் காத்திருந்த பேச்சு. விடுவேனா? இது ஒரு தவம் என்றேன். ஆரம்பத்தில் எல்லோரும் சிரித்தார்கள் என்றேன். விரல் நுனியில் ரத்தம் வந்திருக்கிறது என்றேன். “கடிச்சிட்டோ?” என்று கூட்டத்தில் ஒரு அம்மா பதறினாள். நிறைய பேர் கைதட்டினார்கள். கைதட்டலோடு நாய்களும் குரைத்தன. பத்திரிகைக்காரர் ஒருவர் என்னை நடுவில் நிறுத்திச் சுற்றிலும் பதினோரு நாய்களையும் ஆட்டையும் வைத்துப் படம் எடுத்தார்.

கிதாரையும் கையில் வைத்துக்கொள்ளவா என்று கேட்டேன். வேண்டாம், நாய் பயப்படும் என்று சொல்லிவிட்டார்கள்.

மே 11, ஞாயிறு

கோவிலில் ஆராதனை முடிந்து வந்ததும் எப்சிபாவின் போன். பத்திரிகை நாகர்கோவிலுக்கும் போகும் என்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை.

“பேப்பர்ல படம் பாத்தேன்.”

“நல்லா வந்துருக்கா?”

“கல்யாணம் ஆன மறுமாசம் ஒரு நாய்க்குட்டி வளக்கணும்னு கேட்டேன். கிதார் சாதகம் கெட்டுப் போவும்னிய. ரெண்டாவது பிள்ளையும் தங்காம ஆஸ்பத்திரிலேந்து வந்தப்ப கேட்டேன். அப்பவும் சாதகம் கெட்டுப் போவும்னிய. நான் வீட்ட விட்டு எறங்குன மறுநாள் பதினொண்ணு வளக்கியளா?”

“எப்சி, அது பலகையில…”

வைத்துவிட்டாள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. பொன்னாடையை மடித்து வைக்க இடம் தேடினேன். அவளுடைய அலமாரிதான் காலியாக இருந்தது. முழுக்கக் காலி. மாம்பழத்துக்குப் போகிறவள் குளிர்காலச் சால்வையை எடுத்துப் போக மாட்டாள். எனக்கு இது ஆரம்பத்திலிருந்தே தெரியும்.

மே 12, திங்கள்

பதிவு இல்லை. கிதாரைத் தொடவில்லை. நாய்கள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தன.

மே 13, செவ்வாய்

நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினேன். நாலு நாளில் ஆசீர் போய்விடுவான், எப்சிபாவைக் கெஞ்சியாவது கூட்டிவந்து ஆல்பத்தை முடித்துவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன். வள்ளியூர் தாண்டும்போது ஆல்பம் ஞாபகத்தில் இல்லை.

எப்சிபாவின் அக்கா ரூத் மதினி கதவைத் திறந்து, “வாங்க தம்பி” என்று சொல்லிவிட்டு, வாசலில் நாய் ஏதும் கூட வந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். அந்த வீட்டில் மாமரம் கிடையாது. எப்சிபா கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“நாய்க்கு இன்னைக்கு ஆரு சோறு வைக்கா?”

“வள்ளிநாயகம் சார்.”

பலகை விஷயத்தைச் சொன்னேன். புல், சிலுவை, என் பெயர், பதிவு, ஆடு, பொன்னாடை எல்லாம். அடுக்களையில் ரூத் மதினி சிரித்துச் சிரித்துப் பாத்திரத்தைக் கீழே போட்டாள். எப்சிபா சிரிக்கவில்லை.

“அப்போ எனக்காவயும் வளக்கல. நாய்க்காவயும் வளக்கல. எழுத்துப் பிழைக்கு வளக்கிய.”

எழுத்தில் பிழை இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன்.

“பதிவு எப்பிடி வந்துருக்கு?” என்றாள்.

“நல்லா…” என்று ஆரம்பித்தேன். மேலே வரவில்லை. “கெட்டுப்போச்சு எப்சி. ஒண்ணும் தேறல. ஓடுதேன். எனக்கு நிக்கத் தெரியல. நீ இல்லாம வீட்டுலயும் இருக்க முடியல. சாப்பிட முடியல. நான் அப்பிடிச் சொல்லியிருக்கக்கூடாது.”

“சக்கு சக்குதான? அத கம்ப்யூட்டர் போடும்னியள்லா.”

“போடுது. காத்திருக்க மாட்டேங்குது.”

மிச்சக் கீரையையும் அவள் ஆய்ந்து முடித்தாள். பிறகு எழுந்து உள்ளே போய் ஒரு பெட்டியையும் கிதாரையும் எடுத்து வந்தாள். இன்னொரு பெட்டி எங்கே என்று பார்த்தேன்.

“அது இங்கனயே இருக்கட்டும்” என்றாள். “பாட்டுக்காவ வரல, கேட்டுக்கிடுங்க. நாய்க்காவ வாரேன்.”

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவளுக்குக் கொடுத்தேன். வழக்கமாக அது என் இடம்.

மே 14, புதன்

நாள் முழுக்க நாய்களைக் குளிப்பாட்டினாள். நான் தண்ணீர் சுமந்தேன். ஆட்டுக்கு மட்டும் இரண்டு தடவை. பதினொன்றுக்கும் அவளுக்கு ஒரே நாளில் பெயர் தெரிந்துவிட்டது. என்னிடம் பேசியது: “வாளி”, “சோப்பு”, “அங்கன பிடிங்க”.

சாயங்காலம் அவளே ஆசீரைக் கூப்பிட்டு, “நாளைக்கு ஒரு நாள் வா. இவிய ஆசையும் முடிஞ்சு போவட்டும்” என்றாள்.

மே 15, வியாழன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஒருவர் கிதார் இன்னொருவர் மைக்கில் விழக்கூடாது என்று எங்கள் இருவருக்கும் நடுவில் ஆசீர் ஒரு மெத்தையை நிறுத்தினான். எப்சிபாவின் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவளுக்குத் தெரியாது. வெளியே நாய்கள் பத்தும் குரைக்காமல் இருக்க ஒருவர் கூட இருக்க வேண்டும். பதிவு பொத்தானை அமுக்கிவிட்டு ஆசீர் வெளியே போய் அவற்றோடு உட்கார்ந்துகொண்டான். மணி மட்டும் எப்சிபாவை விட்டு நகர மறுத்ததால் உள்ளே படுத்துக்கொண்டான்.

மெத்தைக்கு அந்தப் பக்கம் சக்கு சக்கு தொடங்கியது. நான் நினைத்ததைவிட நிதானமாக. வேகப்படுத்தலாம் என்று சைகை காட்டக்கூட வழியில்லை. சேர்ந்துகொண்டேன். இரண்டாவது உருப்படியில் என் தோள் தளர்ந்தது. ஐந்தாவதில் நான் எதையும் யோசிக்கவில்லை. ஒன்பதையும் நிறுத்தாமல் வாசித்தோம். என் ஆயுளில் நான் அப்படி வாசித்ததில்லை. முடித்தபோது அழுகை வந்தது, மெத்தை இருந்ததால் அழுதேன்.

ஆசீர் உள்ளே வந்து போட்டுப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. என் மைக்கின் வயரை மணி சத்தமில்லாமல் கடித்துத் துண்டாக்கியிருந்தான். எப்போது என்று தெரியவில்லை. முதல் உருப்படியிலேயே நான் இல்லை.

“மதினி மைக் மட்டுந்தான் அண்ணாச்சி பதிவாயிருக்கு” என்றான். அழுதுவிடுவான் போல இருந்தது. “நாளைக்கு ஒரு நாள் இருக்கு. புது வயரு கொண்டாரேன். திரும்ப எடுத்துருவோம்.”

போடு, கேட்போம் என்றேன்.

முப்பத்தாறு நிமிடம். சக்கு சக்கு, சக்கு சக்கு. எங்கோ தூரத்தில் ஒரு கொசு பறக்கிறது, அது நான். நாங்கள் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து கேட்டோம். அப்போதுதான் கவனித்தேன். மூன்றாவது உருப்படியில் ஓர் இடத்தில் அவள் தாளத்தில் ஓர் அடி கூடுதலாகப் போடுகிறாள். கணக்குப்படி அது அங்கே வரக்கூடாது. கொசு அந்த இடத்தில் தடுமாறுகிறது. அவள் ஓர் அடி சேர்த்து அதை உள்ளே இழுத்துக்கொள்கிறாள். ஆறாவதிலும் அப்படி. எட்டாவதில் இரண்டு இடங்களில். நான் தடுமாறும் இடம் ஒவ்வொன்றும் அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. நான் அங்கெல்லாம் தடுமாறுகிறேன் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும். இருபத்து நான்கு வருடம் மேடை மேடையாக எனக்குக் கிடைத்த கைதட்டல்களை நினைத்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. அவளைப் பார்க்க முடியவில்லை.

“இந்த எடத்துல ஒரு அடி சேக்குத” என்றேன்.

“ஆமா.”

“எத்தன வருசமா?”

“மொதல் கச்சேரிலேந்து.”

“சொல்லியிருக்கலாம்லா?”

“சொன்னா நிப்பாட்டியிருப்பிய. நல்லா வாசிக்கிறவிய எதுக்கு நிப்பாட்டணும்?” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

ஆசீர் வயரைச் சுருட்டிக்கொண்டு, நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டான். வர வேண்டாம் என்றேன். இதுதான் ஆல்பம். அட்டையில் எப்சிபா என்று மட்டும் போடு.

“அண்ணாச்சி, இதுல பாட்டே கிடையாதே” என்றான் அவன்.

“வெயில் தலைக்கேறிட்டு இவியளுக்கு” என்றாள் எப்சிபா. மணியின் வாயிலிருந்து வயர்த் துண்டை எடுத்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள். “வெறும் சக்கு சக்கு. இத ஆரு கேப்பா?”

“நான் கேப்பேன்” என்றேன்.

ஆசீர் போனதும் அவள் ரூத் மதினிக்குப் போன் போட்டு, அந்த இன்னொரு பெட்டியைச் சனிக்கிழமை யாரிடமாவது கொடுத்துவிடச் சொன்னாள்.